முப்பத்தொரு கோவாவும் ஒரு பொன்னாடையும்

அந்த அம்மா ஒரு படத்தை மேசையில் வைத்து, ஒற்றை விரலால் எங்கள் பக்கம் தள்ளினார்.

“இது எந்தச் சமயத்தின் சடங்கு?” என்று கேட்டார்.

படத்தின் நடுவில் என் நண்பர் லியாங் நிற்கிறார். கழுத்தில் ரோசாமாலை. தோளில் சரிகைக் கரை வைத்த பொன்னாடை. நெற்றியில் சந்தனம், அதன் நடுவே குங்குமம். வலது பக்கம் குத்துவிளக்கு எரிகிறது. பின்சுவர் முழுவதும் கோவாக்களின் ஓவியங்கள், ஒவ்வொன்றும் சிவப்புச் சட்டத்துக்குள். அவற்றின் கீழே வேட்டி கட்டிய பதினொரு பேர் கைகூப்பியபடி நிற்கிறோம். இடமிருந்து நாலாவது ஆள் நான்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக ஒரு வரி. நாங்கள் கோவா என்பது நீங்கள் முட்டைக்கோசு என்பதை.

இடம், சிட்னி நகரத்தில் குடிவரவு அலுவலகத்தின் மேல்மாடி ஒன்று. சன்னல் இல்லாத அறை. அந்த அம்மாவுக்குத் தடிமன் பிடித்து மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு பெட்டி கடதாசிக் கைக்குட்டை. லியாங் இந்த நாட்டில் இருக்கலாமா, சீனாவுக்குத் திரும்பிப் போக வேண்டுமா என்று தீர்மானிக்க வேண்டியவர் அவர். நான் சாட்சியாகவும் துணையாகவும் போயிருந்தேன்.

“சடங்கு இல்லை, இது பாராட்டு விழா” என்றேன்.

“பாராட்டு விழாவில் ஏன் முட்டைக்கோசைக் கும்பிடுகிறீர்கள்?”

“கும்பிடவில்லை அம்மணி. படம் எடுத்தவர் எல்லாரையும் வணக்கம் சொல்லச் சொன்னார்.”

அவர் மூக்கைத் துடைத்தார். படத்தைத் திரும்பத் தன் பக்கம் இழுத்து, கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார்.

“இந்தச் சால்வையை நான் வேறு இரண்டு பேருடைய படங்களிலும் பார்த்திருக்கிறேன்” என்றார்.

உண்மை என்னவென்றால், அந்த நாளில் எங்கள் சிட்னித் தமிழருக்கு இருந்தது ஒரே ஒரு பொன்னாடை.

சந்தையில் நின்ற மனிதர்

சென்ற கிழமை நான் மரக்கறிச் சந்தையில் பெட்டி தூக்கிய காலத்தைப் பற்றி எழுதியதற்கு, பெர்த்திலிருந்து ஒரு வாசகர், “நீர் வெங்காயத்தைப் பற்றி மூன்று பக்கம் எழுதிவிட்டீர், மனிதர் யாரும் வரவில்லையே” என்று குறைப்பட்டிருந்தார். ஐயா, மனிதர் இப்போது வருகிறார். ஆனால் கோவாவோடுதான் வருகிறார்.

ஸ்ட்ராத்ஃபீல்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சந்தையில், விடிந்து சனம் குறைந்த நேரம், ஒரு சீனர் என் பெட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றார். வாங்கவில்லை. விலை கேட்கவில்லை. ஒரு கோவாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான் போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தேன். அப்போதும் நிற்கிறார். சுகாதாரப் பகுதி ஆளாக்கும் என்று நினைத்து, பக்கத்தில் கிடந்த அழுகல் இலைகளைக் காலால் பெட்டிக்குக் கீழே தள்ளினேன்.

“அதைத் தள்ள வேண்டாம்” என்றார். “அதுதான் வடிவு.”

விசர் ஆள், பைத்தியம் என்று முடிவுகட்டினேன். விசர் ஆட்களோடு எனக்கு எப்போதும் ஒத்துப்போகும். பேச்சுக் கொடுத்ததில் அவருக்கு ஓர் அறை தேவை என்று தெரிந்தது. நாங்கள் இருந்த வீட்டில் ஓர் அறை காலியாக இருந்தது. அந்தச் சனிக்கிழமையே ஒரு பெட்டியோடும் ஒரு கட்டுத் தூரிகையோடும் வந்து சேர்ந்தார்.

அவர் பேசியது என்னைப் போலவே உடைந்த ஆங்கிலம். அதை அப்படியே தந்தால் இரண்டு பேருக்கும் மரியாதை இல்லை. ஆகவே இந்த அத்தியாயத்தில் லியாங் யாழ்ப்பாணத் தமிழ் பேசுவார். யாரும் கோபிக்க வேண்டாம்.

அந்த நாட்களில் துறைமுகப் பக்கம் போனால், சுற்றுலாப் பயணிகளைக் கதிரையில் இருத்தி முகம் வரையும் சீனர்களை வரிசையாகப் பார்க்கலாம். பத்து நிமிடத்துக்கு ஒரு முகம். அவர்களில் எத்தனையோ பேர் ஊரில் ஓவியக் கல்லூரியில் படிப்பித்தவர்கள். ஊரில் அவர்களும் நண்பர்களும் என்னென்னவோ புதிதாகச் செய்து பார்த்திருந்தார்கள். ஒருவர் வாசிக்க முடியாத எழுத்துக்களைச் சுவர் உயரத்துக்கு எழுதினாராம். இன்னொருவர் தன்னையே சணல் கயிற்றால் சுற்றிக்கொண்டு நின்றாராம். இங்கே வந்து, அமெரிக்கப் பாட்டிமாரின் மூக்கைக் கொஞ்சம் சிறிதாக்கி வரைந்துகொண்டிருந்தார்கள். லியாங்கும் கிழமையில் மூன்று நாள் மூக்கு வரையப் போவார். மிச்ச நாள் வீட்டில் கோவா.

இது யார்?

கோவா ஏன் என்று ஒரு நாள் கேட்டேன்.

லியாங்கின் ஊர் சீனாவின் வடக்கே. குளிர்காலம் தொடங்க முன்னர் லொறி லொறியாகக் கோவா வந்து தெருவில் குவியுமாம். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கி, மாடிப்படியிலும் வாசலிலும் அடுக்கி, பழைய போர்வையால் மூடி வைப்பார்களாம். நாலு மாதம் அதுதான் சாப்பாடு. காலையில் எழுந்தால் கோவா, கதவைத் திறந்தால் கோவா.

“நான் அம்மாவின்ர முகத்தை விடக் கோவாவைத்தான் கூடப் பார்த்தனான்” என்றார்.

அதனால் வரைந்தார். தலைவர்களின் படங்கள் அலுவலகங்களில் தொங்கும் அதே அளவில், அதே சிவப்புச் சட்டத்துக்குள். அது ஏன் என்றால், அவருடைய ஊரில் கடையில் கிடைத்த சட்டம் அந்த ஒரு வகைதான். அவர் சொன்ன விளக்கம் இது. நான் நம்புகிறேன்.

கல்லூரியில் கூடப் படிப்பித்த நண்பர் ஒருவர் ஊர்க் கலாசார மண்டபத்தை எடுத்துக் கண்காட்சி வைத்தார். காலையில் திறந்தது, மதியச் சாப்பாட்டுக்கு முன்னர் பூட்டிவிட்டார்கள். அதிகாரி ஒருவர் வந்து முதலாவது படத்துக்கு முன்னால் நின்று கேட்டாராம்.

“இது யார்?”

“கோவா.”

“அது தெரியுது. யார்?”

“கோவாதான்.”

“ஏன் வெளியிலை வாடியிருக்கு?”

“குளிர்காலம்.”

“குளிர்காலம் எண்டு எந்தக் காலத்தைச் சொல்லுறாய்?”

இப்படியே இரண்டு பேரையும் மூன்று நாள் விசாரித்தார்களாம். கடைசியில் ஒரு கடதாசியை நீட்டினார்கள். இந்தக் கோவாக்கள் அரசாங்கத்துக்கு எதிரானவை, அதற்கு நான் வருந்துகிறேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தால், வாத்தியார் வேலை மிஞ்சும். நண்பர் வைத்தார். லியாங் வைக்கவில்லை. லியாங்குக்கு வேலை போனது, படங்களும் போயின. கையெழுத்து வைத்த நண்பரை, சதுக்கத்தில் மாணவரைச் சுட்ட அந்த ஆண்டில், அதே கடதாசியைக் காட்டிப் பிடித்துக்கொண்டு போனார்கள். லியாங்கைத் தேடி இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார்களாம். அதற்குப் பிறகுதான் ஆங்கிலம் படிக்கிற விசா எடுத்துக்கொண்டு இங்கே ஓடி வந்தார்.

அப்போது இந்த நாட்டில் இருந்த சீன மாணவர்கள் எல்லோருக்கும், ஒரு குறிப்பிட்ட தேதிக்கு முன் வந்திருந்தால், தங்க அனுமதி கிடைத்தது. லியாங் அந்தத் தேதிக்குப் பிந்தி வந்தவர். ஆகவே தனியாக வழக்காட வேண்டும்.

வழக்கு என்றதும் எங்கள் வீட்டில் ஒரு மனிதருக்குக் கண் பளபளத்தது.

ராசன் அண்ணையின் குசினிக் கோடு

ராசன் அண்ணை ஊரில் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், எழுதுவினைஞராக இருந்தவர். வீட்டை வாடகைக்கு எடுத்து எங்களுக்கு அறை கொடுத்தவர்கள் அவரும் அவர் மனைவி புஷ்பம் அக்காவுந்தான். எங்கள் ஆட்கள் அகதி விண்ணப்பத்தைக் கேஸ் என்பார்கள். சிட்னியின் பாதித் தமிழருக்குக் கேஸ் எழுதிக் கொடுத்தது தான்தான் என்று அண்ணை சொல்வார். பாதி என்பது கூடுதல்தான், என்றாலும் என்னுடையது உட்பட நிறைய எழுதினார். ஒரு சதம் வாங்கமாட்டார். தட்டச்சுப் பொறிக்கு நாடா வாங்கிக் கொடுத்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், விசாரணை ஒத்திகை நடக்கும். ராசன் அண்ணை தலைமாட்டுக் கதிரையில் அதிகாரியாக இருப்பார். எதிரே லியாங். புஷ்பம் அக்கா வெங்காயம் உரித்தபடி மொழிபெயர்ப்பாளர். சீனம் தெரியாத மொழிபெயர்ப்பாளர்.

“இந்தக் கோவா அரசாங்கத்துக்கு எதிரானதோ?”

“இல்லை.”

“லியாங், இஞ்சை பாரும். இல்லையெண்டு சொல்லக் கூடாது. ஓம் எண்டு சொல்லும்.”

“ஏன்?”

“ஓம் எண்டால் விசா. இல்லையெண்டால் பிளேன்.”

“அங்கையும் இப்பிடித்தான் சொன்னவை” என்றார் லியாங். “ஓம் எண்டால் வேலை, இல்லையெண்டால் வீடு. ரெண்டு அரசாங்கமும் என்னட்டை ஒரே கேள்விதான் கேக்குது. ரெண்டுக்கும் ஒரே விடைதான் வேணும்.”

ராசன் அண்ணை கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“ஐயா, அவங்கள் தண்டிக்கக் கேட்டவங்கள். இவை காப்பாத்தக் கேக்கினம்.”

“கோவாவுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.”

“கோவாவையோ பிளேனில ஏத்தப் போறாங்கள்?”

“லியாங் சொல்லுறது எனக்கு விளங்குது” என்றார் புஷ்பம் அக்கா வெங்காயக் கண்ணீரோடு. ராசன் அண்ணை, “மொழிபெயர்ப்பாளர் கருத்துச் சொல்லக் கூடாது” என்று அவரை அடக்கினார்.

எனக்கு லியாங்கின் மேல் எரிச்சல்தான் வந்தது, மறைப்பானேன். ஒரு சொல். ஓம். நாங்கள் எல்லாரும் சொல்லிவிட்டு வந்து நிம்மதியாகச் சோறு தின்கிறோம். இவருக்கு மட்டும் என்ன பெரிய வடிவு என்று நினைத்தேன்.

கேஸுக்குச் சான்று வேண்டும். ஊர்ப் படங்கள் போய்விட்டன. ஆகவே லியாங் முப்பத்தொரு கோவாவையும் திரும்ப வரையத் தொடங்கினார். நான் சந்தையிலிருந்து மாதிரிக்குக் கோவா கொண்டுவருவேன். அது கூடத்து மேசையில் ஒரு கிழமை இருந்து மெல்ல வாடும். அவர் பார்த்துக்கொண்டேயிருந்து கடைசி நாளில் வரைவார். ஈரம் காயாத கோவாக்கள் பின்வளவுக் கொடியில், புஷ்பம் அக்காவின் சேலைகளுக்கு நடுவே கவ்வி போட்டுத் தொங்கும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, எங்களிடம் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை புஷ்பம் அக்கா அந்த மாதிரிக் கோவாவை அரிந்து, தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்துவிட்டார். பயத்தில் புதியதொன்றை அதே இடத்தில் வைத்தார். லியாங் வந்து பார்த்தார். நேற்று வாடியிருந்தது இன்று பளபளவென்று இருக்கிறது. அவர் கோபப்படவில்லை.

“எங்கட நாட்டில பெரிய ஆக்களுக்கும் இப்பிடி நடக்கும்” என்றார். “திடீரெண்டு வாடி ஆளைக் காணக் கிடைக்காது. ரெண்டு வருஷத்தால புதுசா வந்து மேடையில நிப்பினம்.”

விழா

கோவாக்கள் தயார். ஆனால் லியாங் ஓவியர்தான் என்று யார் சொல்வது? அவரைப் பற்றி எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை, எந்த மண்டபமும் காட்டவில்லை. ராசன் அண்ணை இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, இடியப்பம் பிழிகிற உரலைக் கையில் வைத்தபடி தீர்ப்புச் சொன்னார்.

“பொன்னாடை போர்த்துவம்.”

எங்களுக்கு இது உடனே சரியாகப் பட்டது. இதிலுள்ள பைத்தியக்காரத்தனம் ஒருவருக்கும் தெரியவில்லை. ஒருவர் பெரிய ஆள் என்பதற்குத் தமிழனிடம் உள்ள சான்று பொன்னாடைதான். மாலை, மேடை, வாழ்த்துரை, பட்டம், அடுத்த நாள் படத்தோடு செய்தி. ராசன் அண்ணை முன்னமே ஒரு மிருதங்கக்காரருக்கும் ஒரு கவிஞருக்கும் இதே வைத்தியம் செய்து, இரண்டு பேருக்கும் விசா கிடைத்திருந்தது. பொன்னாடை விழா முடிந்ததும் மடித்து அலுமாரிக்குத் திரும்பிவிடும்.

தேவாலய மண்டபம் ஒன்றைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு எடுத்தோம். மங்கள விளக்கேற்றல், தமிழ்மொழி வாழ்த்து, ஊரில் இறந்தவர்களுக்கு அக வணக்கம். ஒரு பிள்ளை பரதநாட்டியம் ஆடினாள். லியாங் முன்வரிசையில், அண்ணையின் கோட்டைப் போட்டுக்கொண்டு நேராக இருந்தார். நான் காதுக்குள் மொழிபெயர்த்தேன்.

தலைமை தாங்கிய டொக்டர், சோழர் சீனாவுக்குக் கப்பல் விட்டதைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினார். ஓவியங்கள் இருந்த பக்கம் அவர் திரும்பவேயில்லை.

அடுத்தவர் சைவசித்தாந்தி. கோவாவின் இலைகள் ஆணவம், கன்மம், மாயை என்றார். ஒவ்வொன்றாக நீக்கினால் உள்ளே இருப்பது சிவம் என்றார்.

மூன்றாவதாக வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவா வாய்வு என்றும், ஐம்பது வயதுக்கு மேல் இரவில் தவிர்க்க வேண்டும் என்றும் எச்சரித்தார்.

பிறகு ஒரு பெண் எழுந்தார். பேச்சாளர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. ஊரிலிருந்து வந்து ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. மேடைக்கு வராமல், நின்ற இடத்திலேயே சொன்னார்.

“எனக்கு ஓவியம் தெரியாது. எனக்கு இது எங்கட சனம் மாதிரிக் கிடக்கு. குண்டுக்குப் பயந்து பங்கருக்குள்ளை ஒருத்தரை ஒருத்தர் இறுக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிற சனம். வெளியிலை இருக்கிறவைதான் முதல் போவினம்.”

புஷ்பம் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். லியாங் என் கையைத் தட்டி, என்ன என்று கேட்டார். சொன்னேன். எழுந்து திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்துத் தலை குனிந்தார்.

பொன்னாடை போர்த்தி, ‘ஓவியப் பேரரசு’ என்று பட்டமும் கொடுத்தோம். ஏற்புரைக்கு அழைத்தோம். லியாங் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, புஷ்பம் அக்கா சொல்லிக் கொடுத்த தமிழில் ஒரே ஒரு வசனம் பேசினார்.

“இது கோவா.”

சனம் மிச்சத்துக்காகக் காத்திருந்தது. மிச்சம் இல்லை. கைதட்டினார்கள். நன்றியுரை சொன்னவர், சிட்னி மேடையில் தான் கேட்ட மிகச் சிறந்த ஏற்புரை இதுதான் என்றார். பேச எடுத்த நேரத்தைச் சொன்னார் போலும்.

வீட்டுக்கு வரும்போது லியாங் வாய் ஓயாமல் பேசினார். அவரை அப்படி நான் பார்த்ததில்லை.

“கேட்டியளே? ஒருத்தர் கடவுள் எண்டார். ஒருத்தர் வாய்வு எண்டார். அந்தப் பிள்ளை சனம் எண்டாள். ஒருத்தருக்கும் அடி விழேல்லை. இதுக்குத்தான் நான் வந்தனான்.”

அந்த அறையில்

சரி, மேல்மாடிக்குத் திரும்புவோம்.

பொன்னாடையின் கதையை நான் அந்த அம்மாவுக்கு உள்ளபடி சொன்னேன். எங்களிடம் ஒன்றுதான் இருக்கிறது, மாறி மாறிப் போர்த்துவோம் என்றேன். அவர் பெட்டியிலிருந்து இன்னொரு கைக்குட்டையை இழுத்தார். “யாரும் இப்படி ஒரு பொய்யை யோசித்து எடுக்க முடியாது” என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டார்.

பிறகு பேனாவை வைத்துவிட்டு லியாங்கிடம் திரும்பினார். அலுவலகம் ஏற்பாடு செய்திருந்த உண்மையான சீன மொழிபெயர்ப்பாளர் முன்னால் சாய்ந்தார்.

“இந்த ஓவியங்கள் உங்கள் அரசாங்கத்துக்கு எதிரானவையா?”

ராசன் அண்ணை வெளியே வாங்குப் பலகையில், சோற்றுப் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். ஓம் என்று சொல்லித் தொலையும் ஐயா என்று மனதுக்குள் மன்றாடினேன். பிடித்துக்கொண்டு போன அந்த நண்பரைப் பற்றி அதுவரை ஒரு தகவலும் இல்லை. திருப்பி அனுப்பினால் இவருக்கும் அதே கதிதான்.

லியாங் தன் கைகளைப் பார்த்தார்.

“இல்லை” என்றார். “இது கோவா. நான் ஒவ்வொண்டையும் ஒரு கிழமை பார்த்தனான். பார்த்ததை வரைஞ்சனான். அவைக்கு அதில பயம் தெரிஞ்சால் அது அவையின்ர பயம்.”

“இந்த விடை உங்களுக்கு உதவாது என்று விளங்குகிறதா?”

“விளங்குது.”

“மாற்ற விரும்புகிறீர்களா?”

“இல்லை.”

வெளியே வந்து சொன்னோம். ராசன் அண்ணை சோற்றுப் பார்சலை என் கையில் தந்துவிட்டு, படிக்கட்டால் இறங்கிப் போய்விட்டார். லிஃப்ட் இருந்தது. அவருக்கு அது தெரியவில்லை.

ஐந்து மாதம் காத்திருந்தோம். லியாங் பெட்டியை அடுக்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார். ராசன் அண்ணை அவரோடு பேசுவதில்லை, ஆனால் அவருடைய சட்டைகளையும் சேர்த்து இஸ்திரி போட்டார். புஷ்பம் அக்கா ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போய் லியாங்கின் பெயரில் அர்ச்சனை செய்யப் பார்த்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். லியாங்கிடம் முன்கூட்டியே விசாரித்து வைத்திருந்ததை அக்கா சொன்னார், பன்றி வருஷம் என்று. ஐயர் சுவாமி பெயருக்கே செய்துவிட்டார்.

மூன்றாம் பக்கம்

கடிதம் வந்தது. வாசிக்கச் சொல்லி என்னிடம் தந்தார்கள்.

ஏற்றுக்கொண்டிருந்தார்கள்.

காரணத்தை அந்த அம்மா விரிவாக எழுதியிருந்தார். விண்ணப்பதாரர் தனக்கு நன்மை தரும் விடையை என் முன்னாலேயே மறுத்தார். இங்கேயே மறுக்கிறவர் அங்கேயும் மறுப்பார். அங்கே மறுத்தால் தண்டிக்கப்படுவார். ஆகவே பாதுகாப்புத் தேவை.

ராசன் அண்ணை அந்தப் பந்தியை மூன்று தடவை வாசிப்பித்தார். “இல்லையெண்டு சொல்லி வெண்ட கேஸ்” என்று கதிரையில் இருந்துவிட்டார். புஷ்பம் அக்கா அழுதார், நானும் அழுதேன். லியாங் மட்டும் கடிதத்தை வாங்கி, அகராதியை வைத்துக்கொண்டு குசினி மேசையில் ஒரு மணித்தியாலம் இருந்தார்.

“மூண்டாம் பக்கத்தில பிழை இருக்கு” என்றார்.

அங்கே ஒரு வரி. ‘விண்ணப்பதாரரின் முட்டைக்கோசுகள் எதிர்ப்பின் குறியீடு.’

“நான் அப்பிடிச் சொல்லேல்லை. திருத்தச் சொல்லி எழுதுவம்.”

ராசன் அண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது. கிடைத்த விசாவுக்கு எதிராக முறைப்பாடு எழுதுகிற மனிதரை அவர் நீதிமன்றத்திலும் கண்டதில்லை. நாங்கள் எவ்வளவோ கெஞ்சினோம். லியாங் அசையவில்லை. கடைசியில் நான்தான் அந்தக் கடிதத்தைத் தட்டச்சுச் செய்தேன். மிகுந்த நன்றி, ஆனால் மூன்றாம் பக்கத்தில் குறியீடு என்று இருக்கிறது, தயவுசெய்து முட்டைக்கோசு என்று மாற்றவும்.

வேலைக்குப் போகும் வழியில் தபால் பெட்டியில் போடும்படி என்னிடம் தந்தார். ஸ்ட்ராத்ஃபீல்ட் ரயில் நிலையத்தில் அந்தச் சிவப்புப் பெட்டியை நான் மூன்று நாள் கடந்து போனேன். நாலாம் நாள் லியாங் கேட்டார்.

“போட்டாச்சோ?”

“ஓம்” என்றேன். கடிதத்தைச் சந்தைக் குப்பையில், அழுகல் இலைகளோடு போட்டிருந்தேன்.

மெல்பேர்ன்

லியாங் பிறகு மெல்பேர்னுக்குப் போய்விட்டார். வருடங்கள் ஓடின. சீன ஓவியம் என்றால் உலகமே ஓடி வருகிற காலம் ஒன்றும் வந்தது. துறைமுகத்தில் மூக்கு வரைந்தவர்களின் படங்களுக்கு முன்னால், கையில் வைன் கிளாஸோடு பெரிய மனிதர்கள் தலையை ஆட்டினார்கள். யார் கண்காட்சியை அன்று பூட்டினார்களோ, அவரையே ஊருக்கு அழைத்து விருந்து வைத்தார்கள்.

என் மகள் கிரெய்கிபர்னில் வீடு வாங்கிய வருடம், லியாங்கின் கண்காட்சிக்குப் போனேன். வெள்ளைச் சுவரில் முப்பத்தொரு கோவா. பக்கத்தில் ஓர் அட்டை, ஒவ்வொரு முட்டைக்கோசும் அடக்குமுறைக்கு எதிரான உரத்த குரல் என்று.

“இதைத் திருத்தேல்லையோ?” என்று கேட்டேன்.

“இது கலரிக்காரர், கண்காட்சி நடத்துறவை, எழுதினது. அவை என்னவும் எழுதலாம். வாய்வு எண்டும் எழுதலாம்” என்று சிரித்தார். “அரசாங்கம் எழுதினால்தான் திருத்த வேணும்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அந்தக் கடிதத்தைப் போடவில்லை என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருடத்தில் அவருடைய வாயை இந்த நாட்டில் யாராவது பொத்தியிருந்தால் அது நான்தான். வெட்கத்தில் கோவாவைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“தெரியும்” என்றார் லியாங். “நீங்கள் ஓம் எண்டு சொன்ன விதத்திலேயே தெரியும். அண்டைக்கே நான் இன்னொண்டு எழுதிப் போட்டனான்.”

மறுநாள் அவருடைய வேலைக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே சுவரில் ஓவியம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு கடிதம் சிவப்புச் சட்டத்துக்குள் தொங்கியது. அரசாங்க முத்திரை, இரண்டு வரி. ‘உங்கள் கடிதம் கிடைத்தது. மூன்றாம் பக்கத்தில் எதிர்ப்பின் குறியீடு என்பதை முட்டைக்கோசு என்று வாசிக்கும்படி கோப்பில் திருத்தம் செய்யப்பட்டுள்ளது.’

நான் அதை நாலைந்து தடவை வாசித்தேன்.

“ஏன் அவ்வளவு பயந்தனீங்கள்?” என்று லியாங் கேட்டார். “என்ர கேஸ்தானே?”

கதிரையில் இருந்தேன். பதினெட்டு வருடமாக, ராசன் அண்ணையைத் தவிர யாருக்கும் சொல்லாததைச் சொன்னேன். என் தம்பியை இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போனது உண்மை. திரும்பி வரவில்லை என்பதும் உண்மை. வீட்டுக் கதவை உடைத்து உள்ளே வந்து, என் கண்முன்னால் இழுத்துப்போனார்கள் என்று என் கோப்பில் இருக்கிறது. அப்படி நடக்கவில்லை. எனக்குச் சிகரெட் முடிந்திருந்தது. ஊரடங்குக்கு முன்னர் சந்திக் கடையில் வாங்கி வரச் சொல்லித் தம்பியை நான் அனுப்பினேன். சந்தியில் பிடித்தார்கள். சிகரெட் கதையை விடு, எழுதினால் கேஸ் பலவீனம் என்றார் ராசன் அண்ணை. நான் உடனே விட்டுவிட்டேன். கேஸுக்காக மட்டும் விட்டேன் என்று அவரை ஏமாற்றினேன். என் மனைவிக்கும் மகளுக்கும், சாகும்வரை என் அம்மாவுக்கும்கூட, கோப்பில் இருந்த கதைதான் தெரியும். ஒரு கோப்பைத் திருத்தத் திறந்தால் என்னுடையதையும் திறந்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

லியாங் எழுந்து, தூரிகைகளை ஒதுக்கி மேசையில் இடம் எடுத்து, ஒரு தாளையும் பேனாவையும் என் முன்னால் வைத்தார்.

“நீங்கள் எழுதுங்கோ” என்றார். “பெட்டியில போடுறது நான்.”